நிறத்துக்கு வேலியா?

1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், நெதர்லாந்து நாட்டிலே, லிபெர்டெல் என்னும் கைப்பேசி நிறுவனம், பெனலக்ஸ் நாடுகளின் வணிகச் சின்னப் பதிவகத்தில் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தது. சின்னத்தை வரைந்து காட்டுவதற்கென்று தாளிலே விடப்பட்டிருந்த இடத்தில் சிங்கமில்லை, சிறுத்தையில்லை, எழுத்தில்லை, இலச்சினையில்லை. ஒரு செவ்வகம், அதனுள் வெறும் ஆரஞ்சு நிறம். விளக்கம் எழுதவேண்டிய இடத்திலும் ஒரே சொல்: 'ஆரஞ்சு'. அவ்வளவே!

அந்தத் தாள் கேட்டது என்ன? தொலைபேசித் துறையிலே இனி இந்த நிறம் எமக்கே உரியது. எமது இசைவின்றி எவரும் இதனைத் தீண்டலாகாது. தீண்டினால் வழக்கு, தொடர்ந்தால் தண்டம். இதுதான் கேட்டது.

நிலத்துக்குப் பட்டா கேட்டவர்களைக் கண்டிருக்கிறோம். நீர்நிலைக்குப் பட்டா கேட்டவர்களையும் கண்டிருக்கிறோம். நிறத்துக்குமா பட்டா? என்று நகைக்கத் தோன்றும், தோழர்களே! நகைத்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய செய்தியன்று அது. மாலை வானம் அன்றாடம் இலவசமாக எழுதிக் காட்டும் நிறத்தை, மாநகரத்து வணிகர் ஒருவர் தமது கணக்கேட்டில் எழுதிக்கொள்ள முயன்ற வரலாறு அது. அது எங்கே போய் முடிந்தது என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த நிறத்தின்மீது வணிகருக்கு ஏன் இத்தனை வேட்கை என்பதைப் பார்த்தாகவேண்டும்.

சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவிலே நிற்பது இந்தச் செம்மஞ்சள். சிவப்பின் சினம் இதில் முழுமையாக இல்லை. மஞ்சளின் மென்மையும் முழுமையாக இல்லை. அடுப்பில் எரியும் கனலை, பழுத்த கனியை, அந்திநேரத்து வானை நினைவூட்டுவதால், ஓவியர்கள் இதனை வெம்மைசால் வண்ணங்களின் வரிசையிலே வைத்தனர். ஆனால் வெம்மை மட்டுமன்று இதன் வலிமை. கடலும் வானும் நீலம். நீலத்துக்கு நேரெதிரே நிற்கும் நிறம் ஆரஞ்சு. ஆகவேதான், நீலப் பரப்பிலே இதனை வைத்தால், கூட்டத்திலே ஒருவன் எழுந்து நின்று குரல் கொடுத்ததுபோல், கண் உடனே அந்தப் பக்கம் திரும்புகிறது.

இது கூவும் நிறம்! கூவி அழைக்கும் நிறம்!

அந்தக் கூவலை மனிதன் முதலில் எதற்குப் பயன்படுத்தினான் தெரியுமா? உயிர் காக்க! கடலில் வீழ்ந்தவனை அலைகளுக்கிடையே கண்டுபிடிக்க, மிதவைச் சட்டைக்கு இந்நிறம். சாலையிலே குனிந்து வேலை செய்யும் தொழிலாளியை விரைந்து வரும் வண்டியோட்டி காணவேண்டும் என்பதற்காக, அவன் மேலுடுப்புக்கு இந்நிறம். விபத்துக்குள்ளான விமானத்தின் கடைசி நிமிடங்களைப் பதிந்து வைத்திருக்கும் கருவிக்குக் 'கறுப்புப் பெட்டி' என்று பெயர். பெயர்தான் கறுப்பு, பூச்சு ஆரஞ்சு. சிதறிக் கிடக்கும் சாம்பலுக்கும் இரும்புக்கும் இடையே அது தேடுவோர் கண்ணில் தென்படவேண்டுமே!

1937ஆம் ஆண்டு மே 27இல் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் 'கோல்டன் கேட்' பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கறுப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை தீட்டவேண்டும் என்றது அமெரிக்கக் கடற்படை. சிவப்பும் வெள்ளையும் வேண்டும் என்றது விமானப் படை. கட்டடக் கலைஞர் இர்விங் மோரோ வேறொன்றைக் கண்டார். துருப்பிடிக்காதிருக்க, ஆலையிலேயே செவ்வீயப் பூச்சுப் பூசப்பட்டு வந்திறங்கிய இரும்பைக் கண்டார். நீல வானுக்கும் நீலக் கடலுக்கும் பழுப்புக் குன்றுகளுக்கும் நடுவே அந்தச் செம்மை பொருந்தி நிற்பதைக் கண்டார். அதனை அடியொற்றியே இன்று உலகம் போற்றும் அந்த ஆரஞ்சு வண்ணம் அமைந்தது. மூடுபனியிலும் கப்பலோட்டியின் கண்ணுக்குத் தெரிகிறது. வெயிலிலும் காண்பவர் மனத்தைக் கவர்கிறது. தொழிலாளி பூசிய துருக்காப்புப் பூச்சே தூண்டுகோலாகித் தோன்றிய எழில் அது, தோழர்களே! மாளிகைகளில் மட்டுமே எழில் பிறக்கும் என்று மயங்குவோர்க்கு அந்தப் பாலம் ஒரு மறுமொழி.

உயிர் காக்கக் கூவிய நிறத்தை, சரக்கு விற்கக் கூவ வைத்தால் என்ன என்று வணிகருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. பிரான்சு நாட்டுத் தோற்பொருள் நிறுவனமான எர்மேஸ், தனது பெட்டிகளுக்கு வேறு வண்ணத்தைத்தான் வைத்திருந்தது; இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், வழக்கமான அட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது; கிடைத்த அட்டை ஆரஞ்சு; அதையே எடுத்தனர்; போர் முடிந்தும் அதனை விடவில்லை. பற்றாக்குறையிலே வந்த நிறம், பணக்காரரின் பெருமைக்குப் பட்டயமாயிற்று! 1994இல் பிரிட்டனிலே ஒரு கைப்பேசி நிறுவனம் 'ஆரஞ்சு' என்பதையே பெயராகச் சூடிக்கொண்டு, அந்த நிறத்தையே கொடியாகப் பிடித்துக்கொண்டு புறப்பட்டது. 2000இல் அதனைப் பிரான்ஸ் டெலிகாம் விலைக்கு வாங்கியது. 2013இல், வாங்கிய நிறுவனமே தன் பழம்பெயரைத் துறந்து 'ஆரஞ்சு' ஆயிற்று. விலைக்கு வாங்கப்பட்ட நிறம், விலை கொடுத்து வாங்கியவரையே விழுங்கிவிட்டது! நிறத்தின் ஆற்றல் அத்தகையது.

நம் ஊர்த் தெருக்களிலோ, உணவுப் பொட்டலத்தோடு விரைகிற இளைஞனின் சட்டையிலே இந்நிறம். அவன் கையிலுள்ள பேசியின் திரையிலே இந்நிறம். 'வாங்கு' என்று அழைக்கும் பொத்தானிலே இந்நிறம்.

பயன்படுத்தட்டும், பழியில்லை. ஆனால், பொதுவிலிருந்து எடுத்துப் பயன்படுத்துபவருக்குக் கடமை இரண்டு உண்டு. பொதுவிலிருந்து எடுத்ததற்கு வேலி கட்டலாகாது. கூவி அழைத்துவிட்டு, வந்தவன் கண்ணைக் கட்டலாகாது. இந்த இரண்டையும் வலியுறுத்தவே இக்கட்டுரை.

முதற்கடமையை முதலில் பார்ப்போம்.

'ஆரஞ்சு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல் என்று நாம் வழங்குகிறோம். அது நடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்த்தால், நமது தோட்டத்து வாயிலிலே வந்து நிற்கும்! ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்தது. ஸ்பெயின் நாட்டவர் 'நாரன்ஹா' என்றது அரபியரின் 'நாரஞ்ச்' என்பதை. அரபியர் பெற்றது பாரசீகத்தின் 'நாரங்' என்பதிலிருந்து. பாரசீகம் பெற்றது வடமொழியின் 'நாரங்க' என்பதிலிருந்து. வடமொழிக்கு அது திராவிட மொழியொன்றிலிருந்து சென்றிருக்கவேண்டும் என்பது மொழிநூலார் பலரின் கருத்து. நமது நாரத்தையும், மலையாளியின் நாரங்ஙாவும் அந்தக் குடும்பத்தின் கிளைகளே. மேலைநாடு சென்ற இடத்தில் முதலெழுத்தான நகரம் உதிர்ந்தது. உருமாறிய சொல் கப்பலேறி மீண்டும் வந்தபோது, 'யாரோ வெளிநாட்டார்' என்று நாமே அதற்கு நாற்காலி இட்டோம்!

ஆங்கிலத்திலே அச்சொல் ஒரு நிறத்தின் பெயராக எழுதப்பட்டதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று 1502ஆம் ஆண்டினது. அதற்கு முன் அந்நாட்டாருக்கு இந்த நிறத்துக்கென்று தனிப் பழப்பெயர் இல்லை. மஞ்சட்சிவப்பு என்ற பொருள்பட ஒரு கூட்டுச்சொல் வைத்திருந்தனர். அவர்கள் நாட்டு ராபின் குருவியின் நெஞ்சு ஆரஞ்சு நிறம். ஆயினும் பழம்பெயர் 'செந்நெஞ்சன்'. பெயர் வருமுன்னே நிறம் இருந்தது. நிறுவனம் வருமுன்னே பெயர் இருந்தது. பல நாட்டு உழவர் பயிரிட்ட பழம், பல நாட்டு மக்கள் நாவிலே உருண்ட சொல், எந்நாட்டு வானிலும் எழுகின்ற வண்ணம். இதிலே எந்த மூலையில் எவர் தமது பெயரைப் பொறிப்பது?

இனி, லிபெர்டெல் வழக்குக்கு வருவோம். பதிவகம் அந்த விண்ணப்பத்தை ஏற்கவில்லை. தனித்து அடையாளம் காட்டும் தன்மை அதற்கில்லை என்றது. நிறுவனம் விடவில்லை, தி ஹேக் நகரத்து மேல்முறையீட்டு மன்றம் சென்றது, பின்னர் நெதர்லாந்தின் தலைமை மன்றம் சென்றது, அம்மன்றமோ, ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு வினாக்களை அனுப்பியது. 2003ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் விடை வந்தது.

அந்த விடையின் சாரத்தை, நாடகக்காரன் ஆனதால், மேடையிலேற்றிக் காட்டுகிறேன். உரையாடல் எனது கற்பனை, கருத்துகள் தீர்ப்பினுடையவை.

வணிகர்: இந்நிறம் எனக்கு வேண்டும்.

நடுவர்: எந்நிறம்?

வணிகர்: ஆரஞ்சு! இதோ தாளிலே தீட்டியிருக்கிறேன்.

நடுவர்: தாள் வெளுக்குமே! நாளைக்கு வெளுத்த நிறத்தைக் காட்டி, 'இதுவும் எனது' என்பீரோ? நாள்பட மாறாத குறி வேண்டும். அனைத்து நாடுகளும் ஏற்ற நிற எண் உண்டே, அதுபோல் ஒன்றைச் சொன்னால் ஆராயலாம்.

வணிகர்: எண்ணைச் சொன்னால் எனக்கே எழுதிக் கொடுப்பீரா?

நடுவர்: அவசரம் வேண்டா. நிறங்கள் ஆயிரம் என்பீர். ஆனால், கடைவீதியில் நடந்து செல்லும் எளிய மனிதன் இரண்டு நிறங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது அரிது. அவன் நினைவில் வைத்துப் பிரித்தறியும் நிறங்கள் சிலவே. அந்தச் சிலவற்றை ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக்கொண்டால், நாளைக்கு வரும் வணிகர் எதைத் தீட்டுவார்? நிறங்களைப் பிறருக்குக் கிடைக்காதபடி அளவுக்கு மீறி அடைத்துவிடாமல் காப்பது பொதுநலம். எத்தனைப் பொருள்களுக்கு நீர் கேட்கிறீரோ, அத்தனைக்கத்தனை எமது தயக்கமும் பெருகும்.

திரை விழுகிறது, தோழர்களே! நிறத்தைச் சின்னமாக்கவே இயலாது என்று அம்மன்றம் சொல்லவில்லை. நீண்ட நாள் பயன்பாட்டால் மக்கள் மனத்திலே ஒரு நிறம் ஒரு நிறுவனத்தோடு பிணைந்துவிடக்கூடும் என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனால் கதவைத் திறந்தபோதே, வாசலிலே 'பொதுநலம்' என்னும் காவலனை நிறுத்தியது. அதுதான் அத்தீர்ப்பின் பெருமை. நமது நாட்டின் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும், சின்னத்துக்கு விளக்கம் கூறுமிடத்தில், 'நிறங்களின் சேர்க்கை' என்றுதான் பேசுகிறது.

ஆரஞ்சைக் கேட்டு அத்தனை மன்றங்கள் ஏறிய லிபெர்டெல், பின்னாளில் வோடஃபோன் குழுமத்திலே கரைந்து, சிவப்பை உடுத்திக்கொண்டது! உயிர் போனாலும் விடேன் என்று பற்றியிருந்த நிறத்தை, உடைமையாளர் மாறியதும் உதறிவிட்டது. வானம் மட்டும் தனது நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அத்தீர்ப்பு வந்த பின்னும் ஆசை அடங்கியதா? இல்லை. 1995இல் தோன்றிய ஈசிஜெட் விமான நிறுவனம், தொடக்கம் முதலே ஆரஞ்சைத் தனது உடையாகக் கொண்டது. அதன் குழுமம் 2005இல் ஈசிமொபைல் என்ற பெயரிலே கைப்பேசி வணிகத்தில் இறங்கியது. 'அந்நிறத்தோடு எங்கள் துறைக்கு வராதே!' என்று ஆரஞ்சு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 'பத்தாண்டுகளாக நாங்கள் உடுத்தும் நிறம் இது' என்பது எதிர்த்தரப்பின் வாதம். வானத்திலே பறக்கையில் உடுத்திய நிறத்தைத் தரையிலே பேசுகையில் களையவேண்டுமாம்! 2006 முடிவதற்குள் ஈசிமொபைல் கடையைக் கட்டிவிட்டது. இரு பெருநிறுவனங்கள் மோதிக்கொண்டால் நமக்கென்ன என்று கேட்கக்கூடாது. அவர்களுக்கு வழக்கறிஞர் படை உண்டு. வாய்தா வாங்க வசதி உண்டு. நாளைக்குத் தெருமுனையிலே பேசி பழுதுபார்க்கும் கடை வைக்கும் இளைஞன், தன் பலகைக்கு ஆரஞ்சு தீட்டினான் என்று ஓலை வந்தால், அவன் எந்த மன்றம் ஏறுவான்? வேலி எப்போதும் யானையைத் தடுப்பதில்லை; ஆட்டுக்குட்டியைத்தான் தடுக்கும்.

வேலி கட்டலாகாது என்பது முதற்கடமை. கண்ணைக் கட்டலாகாது என்பது இரண்டாவது. அன்றாடம் நம்மைத் தீண்டுவது இந்த இரண்டாவதுதான்.

கைப்பேசித் திரையிலே ஆரஞ்சு ஒளி என்று ஒன்று இல்லை. அங்கே இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகைப் புள்ளிகளே. சிவப்பை முழுமையாக எரியவிட்டு, பச்சையை அரைகுறையாக எரியவிட்டு, நீலத்தை அணைத்துவிட்டால், நமது கண் அதனை ஆரஞ்சு என்று படித்துக்கொள்கிறது. சுழியம் முதல் 255 வரையிலான அளவுகோலில், ஆரஞ்சு நிறுவனத்தின் நிறம் சிவப்பு 255, பச்சை 121, நீலம் 0. அச்சிலோ கதை வேறு. மஞ்சள் மையும் செவ்வூதா மையும் கலந்தே ஆரஞ்சை உண்டாக்கவேண்டும். திரையிலே சுடர்விட்ட நிறம் தாளிலே மங்கிப்போகும். ஆகவேதான் பெருநிறுவனங்கள் கலவையை நம்பாமல், ஆரஞ்சுக்கென்றே தனி மை ஊற்றி அச்சிடுகின்றன. திரையிலே கண்டு மகிழ்ந்து, அச்சகத்துக்கு அனுப்பி, வந்த சுவரொட்டியைக் கண்டு அச்சகத்தாரை ஏசும் தோழர்கள் இதனை மனத்தில் கொள்க! குற்றம் அச்சகத்தாருடையதன்று, ஒளிக்கும் மைக்கும் உள்ள இயற்கை வேறுபாடு அது.

இதைவிடப் பெருந்தொல்லை ஒன்றுண்டு. ஆரஞ்சுப் பொத்தானின்மேல் எழுத்தை எந்த நிறத்தில் வைப்பது? வெள்ளையில்தான் என்பார் வடிவமைப்பாளர் பலர். பார்வைக்குக் குளிர்ச்சி, பழகிய அழகு. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. வலைத்தளங்களுக்கு நெறி வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, 2008இல் வெளியிட்ட நெறிகளிலே, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்றிருக்கவேண்டும் என்றது. பெரிய எழுத்தாயின் 3க்கு 1 போதும் என்றது. முன்னே சொன்ன ஆரஞ்சின்மீது வெள்ளையெழுத்தை வைத்தால் கிடைப்பது 2.6க்கு 1 அளவே. சிவப்பு 255, பச்சை 165 என்று வைத்துச் சற்றே இளம் ஆரஞ்சாக்கினாலோ, 2க்கு 1கூடத் தேறாது! அதே ஆரஞ்சின்மீது கறுப்பெழுத்தை வைத்துப் பாருங்கள்: முன்னதில் 8க்கு 1, பின்னதில் 10க்கும் மேல்!

அப்படியானால் ஆரஞ்சையே சற்று இருட்டாக்கி, அதன்மேல் வெள்ளையை வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் ஆரஞ்சை இருட்டாக்க இருட்டாக்க அது ஆரஞ்சாகவே இருப்பதில்லை. பழுப்பு என்று நாம் அழைக்கும் நிறம் வேறொன்றுமன்று. ஒளி குன்றிய ஆரஞ்சே பழுப்பு. சிவப்பு 194, பச்சை 65, நீலம் 12 என்று இறக்கினால் வெள்ளையெழுத்து 5க்கு 1 என்ற அளவை எட்டும். ஆனால் அது துருவேறிய செங்கல்லின் நிறம். வெம்மை வேண்டும், வெள்ளையெழுத்தும் வேண்டும், விளங்கவும் வேண்டும் என்றால் மூன்றும் ஓரிடத்தில் வாழா. வெம்மையான ஆரஞ்சு வேண்டுமென்றால் கறுப்பெழுத்தை ஏற்றுக்கொள். வெள்ளையெழுத்துத்தான் வேண்டுமென்றால் செங்கல் நிறத்துக்கு இறங்கு. இரண்டும் ஒவ்வாதென்றால், எழுத்தை வெண்தாளிலே கறுப்பாக எழுதி, ஆரஞ்சை ஓரத்துக் கோடாகவோ, சிறு குறியாகவோ, ஒரே ஒரு பொத்தானாகவோ நிறுத்து. நான்காவது வழி இல்லை.

ஆரஞ்சு நிறுவனத்தை மேலே குறை சொன்னேன். நிறைவையும் சொல்வதே நேர்மை. தனது வலைப்பக்கங்களுக்கென்று அது வகுத்துக்கொண்ட வடிவமைப்பு ஏற்பாட்டிலே, ஆரஞ்சுப் பொத்தானின்மேல் கறுப்பெழுத்தையே வைத்திருக்கிறது. ஆரஞ்சின் பெயராலேயே வாழ்வோர் ஏற்றுக்கொண்டதை, ஆரஞ்சை இரவல் வாங்கியவர்கள் ஏற்க மறுப்பானேன்?

'அந்த எண்ணெல்லாம் யாருக்காக?' என்று கேட்பார் உண்டு. சொல்கிறேன். கண்ணாடி போட்டும் கண்மங்கும் முதியவருக்காக. உச்சிவெயிலிலே வண்டியை ஓரமாக நிறுத்தி, முகவரியைத் திரையிலே தேடும் அந்த உணவு கொண்டுசெல்லும் இளைஞனுக்காக. விரிசல் விழுந்த திரையை மாற்ற வசதியில்லாத உழைப்பாளிக்காக. நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்காக. வட ஐரோப்பிய மரபினரான ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்மர் சிவப்பையும் பச்சையையும் நம்மைப்போல் பிரித்துக் காண்பதில்லை என்பது மருத்துவம் கண்ட கணக்கு. அத்தகையோர்க்கு, பச்சை என்றால் 'முடிந்தது', ஆரஞ்சு என்றால் 'நிலுவை' என்று நிறத்தால் மட்டும் குறித்தால், நிலுவையும் முடிவும் ஒன்றாகவே தெரியும். நிறத்தோடு ஒரு சொல்லையும் எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஒரு சொல்! அதற்கும் கருமித்தனமா?

குளிர்பதன அறையிலே, பெரிய திரையிலே, இளங்கண்களால் பார்த்து ஒப்புதல் தரப்படும் வண்ணம், வெயிலிலே, சிறிய திரையிலே, களைத்த கண்களால் படிக்கப்படுகிறது. வகுத்தவனுக்கும் வாடிக்கையாளனுக்கும் இடையே உள்ள தூரம் அது. அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுப்பதுதான் மக்களாட்சி மனப்பான்மை.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30இல், அமில வீச்சுக்கு ஆளானோரும் பார்வைக் குறையுடையோரும் தொடுத்த வழக்குகளிலே, இந்திய உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு கூறே என்று தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்கு முதல் அரசு உதவித்தொகை வரை திரையின் வழியாகவே வருகிற காலத்திலே, படிக்க முடியாத பொத்தான் என்பது அழகுக்குறை மட்டுமன்று, அடைக்கப்பட்ட கதவு.

கண்ணைக் கட்டுவதிலே இன்னொரு வகையும் உண்டு. முன்னது கவனக் குறைவு, இது கள்ளத்தனம். திரையிலே இரண்டு பொத்தான்கள். 'ஏற்கிறேன்' என்பது பளபளக்கும் ஆரஞ்சு. 'வேண்டா' என்பது வெளிறிய சாம்பல், வெண்மைக்குள் ஒளிந்து நிற்கும். உயிர் காக்கும் நிறத்தின் கூவலை, ஒப்புதல் பறிக்கும் தூண்டிலாக்கும் சூழ்ச்சி இது! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இத்தகைய ஏமாற்று வடிவங்கள் 13 வகை என்று பட்டியலிட்டன. ஒரு செய்தியை எடுத்துக்காட்டி, மற்றொன்றை மறைத்து, பயனரைத் திசைதிருப்பும் 'இடைமுகக் குறுக்கீடு' அவற்றுள் ஒன்று. சட்டம் வந்துவிட்டது, கண்டுபிடித்துச் சொல்லும் கண் வேண்டும். அந்தக் கண் உங்களுடையதாகட்டும்.

'நிறுவனத்தின் நிறம் நிறுவனத்தின் உயிர். எண்களுக்காக அதன் எழிலைக் குலைப்பதா?' என்று வாதிடுவர். எழிலைக் குலைக்கச் சொல்லவில்லை. கோல்டன் கேட் பாலத்தின் நிறம் கப்பலோட்டிக்கும் தெரிந்தது, கலைஞனுக்கும் இனித்தது. பயனுக்கும் எழிலுக்கும் பகை என்று எவர் சொன்னது? படிக்க இயலாத எழில், பூட்டிய கோயிலின் சிற்பம். இருந்தும் என்ன, எவர் கண்டார்?

தோழர்களே! துண்டறிக்கை அச்சிடுவோர் நீங்கள். சுவரொட்டி தீட்டுவோர் நீங்கள். இன்றோ திரைக்கென்று படம் வரைவோரும் நீங்களே. ஆகவே, இந்தக் கடமை பெருவணிகருக்கு மட்டும் என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். ஆரஞ்சைத் தொடுமுன் மூன்று செய்யுங்கள். வரைந்ததை வெயிலிலே எடுத்துச் சென்று, கைப்பேசியின் ஒளியைக் குறைத்துப் பாருங்கள். நிறம் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்; அப்போதும் எழுத்து தெரிந்தால் தேர்ச்சி. வீட்டிலுள்ள முதியவரிடம் நீட்டி, 'என்ன எழுதியிருக்கிறது?' என்று கேளுங்கள். அவர் கண்ணைச் சுருக்கினால், உங்கள் வண்ணத்தைச் சுருக்குங்கள்! மேடையிலே முதல் வாக்கியம் முதல் முடிவு வரை உரக்கக் கத்துபவனை எவரும் கேட்பதில்லை. ஓரிடத்தில் குரலை உயர்த்துபவனைத்தான் அவை நிமிர்ந்து பார்க்கும். ஆரஞ்சும் அப்படியே. பக்கம் முழுவதும் பூசினால் இரைச்சல். ஓரிடத்தில் வைத்தால் முழக்கம்.

எவரேனும் வந்து, 'இந்நிறம் எமது' என்று வேலிக்கு முளை அடித்தால், நாரத்தை மரத்தைக் காட்டுங்கள். பாலத்துக்குப் பூச்சுப் பூசிய பாட்டாளியைக் காட்டுங்கள். அந்தி வானைக் காட்டுங்கள். எடுத்து ஆளட்டும், எவர்க்கும் உரிமை உண்டு. அடைத்து ஆள எவர்க்கும் உரிமை இல்லை. அழைத்து ஏய்க்கவோ, அறவே இல்லை!